செஷன் கிட்டாரிஸ்ட்டா இருந்துட்டு சொந்தமா இன்ஸ்ட்ருமென்டல் ஆல்பம் போடுறது எப்படி, பெரிய வித்வான்களை அதுல வாசிக்க வைக்கிறது எப்படி

பதினஞ்சு வருஷமா வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஸ்டுடியோ ஸ்டுடியோவா கிட்டார் தூக்கிட்டு போய் வாசிச்சுட்டு இருக்கேன். சினிமா பாட்டு, விளம்பரம், பக்திப் பாட்டு, சர்ச் ஆல்பம், சீரியல் டைட்டில்னு எது வந்தாலும் வாசிப்பேன். ரெண்டு வருஷம் முன்னாடி எட்டு ட்ராக்ல சொந்தமா ஒரு ஆல்பம் முடிச்சேன், பாட்டு கிடையாது, முழுக்க வாத்தியம்தான், அதுல அஞ்சு ட்ராக்குக்கு நான் சின்ன வயசுல இருந்து கேட்டு வளர்ந்த வித்வான்கள் வந்து வாசிச்சுக் கொடுத்தாங்க. அதுல இருந்து தம்பிங்க நிறைய பேர் போன் பண்ணி "அண்ணா எப்படிண்ணா ஆரம்பிச்சீங்க, அவங்கள எப்படிண்ணா கூப்பிட்டீங்க"ன்னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு மணி நேரம் சொன்னதை எல்லாம் இங்க மொத்தமா எழுதிடுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல ட்யூன், அதுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம்

செஷன்ல நம்ம வேலை என்னன்னா மியூசிக் டைரக்டர் மனசுல இருக்கிறத பத்து நிமிஷத்துல புரிஞ்சுக்கிட்டு வாசிச்சுக் கொடுக்கிறது. ஃபங்க் கேட்டா ஃபங்க், நைலான் ஸ்ட்ரிங்ல அழற மாதிரி கேட்டா அது. இந்தப் பழக்கம் சோறு போடும், ஆனா சொந்த ஆல்பம்னு உக்காந்த உடனே இதேதான் குறுக்க வந்து நிக்கும். நமக்கு எல்லா ஸ்டைலும் தெரியும், அதனால ட்ராக் ஒன்னு ராக், ட்ராக் ரெண்டு போசா நோவா, ட்ராக் மூணு நாட்டுப்புறம்னு ஒரு டெமோ சிடி மாதிரி ஆயிடும், கேக்குறவங்களுக்கு இது யாரோட ஆல்பம்னே தெரியாது.

நான் பண்ண வழி இதுதான். மூணு மாசம் கிட்டாரையே எடுக்காம வாயால மட்டும் மெட்டு போட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணேன். பைக்ல போறப்ப, மாவு மில்லுல நிக்கிறப்ப, எங்க தோணுதோ அங்க. விரல் தன்னால போற லிக்ஸ் எல்லாம் வாயில வராது, வாயில வர்றதுதான் ட்யூன். முடிவுல நாப்பது துண்டு இருந்துச்சு, என் வீட்டுக்காரம்மா கேட்டுட்டு மறுநாள் தானா முணுமுணுத்தது ஒம்போதுதான், அந்த ஒம்போதுல எட்டுதான் ஆல்பம். நீங்களும் கிட்டார் வாசிக்காத ஒரு ஆள்கிட்ட போட்டுக் காட்டுங்க, கிட்டாரிஸ்ட் ஃப்ரண்ட்ஸ்கிட்ட காட்டாதீங்க, அவங்க டோன் பத்தியும் பெடல் பத்தியும்தான் பேசுவாங்க.

சினிமா பாட்டை இன்ஸ்ட்ருமென்டலா போட்டா ஈசியா ஓடும்னு சிலர் சொல்வாங்க. ஓடலாம், ஆனா அது உங்க ட்யூன் இல்ல, அதோட காப்பிரைட் வேலையும் சின்னது இல்ல. காப்பிரைட் சட்டம் 31சி பிரிவுபடி முதல் ரெக்கார்டிங் வந்த வருஷம் முடிஞ்சு அஞ்சு காலண்டர் வருஷம் ஆகியிருக்கணும், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கணும், ராயல்டியும் முன்னாடியே கட்டணும். அந்த உழைப்பை சொந்த ட்யூன்ல போடுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

ஏற்கனவே பண்ணவங்க எப்படிப் பண்ணாங்கன்னு கேளுங்க

இது நம்ம புதுசா கண்டுபிடிக்கிற விஷயம் கிடையாது. லாஸ் ஏஞ்சல்ஸ்ல லேரி கார்ல்டன்னு ஒருத்தர், எழுபதுகள்ல வருஷத்துக்கு 500 செஷன் வரைக்கும் வாசிச்ச மனுஷன், ஸ்டீலி டேன்ங்கற அமெரிக்க பேண்டோட ரெக்கார்ட்ல எல்லாம் அவர் கை இருக்கும். அவர் தன் வீட்டு ஸ்டுடியோவுல 1978ல தன் பேர்லயே ஒரு ஆல்பம் பண்ணார். ஸ்டுடியோ பேரு ரூம் 335, கிப்சன் 335 கிட்டார் வாசிக்கிறவர்ங்கறதால அந்தப் பேரு. அதுல ட்ரம்ஸ் ஜெஃப் போர்காரோ, பேஸ் ஆப்ரஹாம் லபோரியல், ரெண்டு பேரும் அவர மாதிரியே செஷன் ஆளுங்கதான், தினமும் பக்கத்து சேர்ல உக்காந்து வாசிச்சவங்க. முதல் பாடம் இதுலயே இருக்கு, பெரிய பேரைத் தேடி எங்கயோ போறதுக்கு முன்னாடி பத்து வருஷமா உங்க பக்கத்துல உக்காந்து வாசிக்கிற ஆளைப் பாருங்க.

அஞ்சு வருஷம் கழிச்சு 1983ல அவர் ஃப்ரண்ட்ஸ்னு ஒன்னு போட்டார், அதுல பி.பி. கிங், அல் ஜாரோ, மைக்கேல் பிரெக்கர், ஜோ சாம்பிள்னு வரிசையா பெரிய ஆளுங்க. பி.பி. கிங்குக்கு என்ன கொடுத்தார்னு பாருங்க, ஒரு ப்ளூஸ். ஜாஸ் கார்டு நெருக்கமா மாறுற ட்யூனைக் கொடுத்து அவரைத் திணற வைக்கல. அவர் வீட்டுக்குள்ள அவரு வாசிக்கிற மாதிரி ஒரு இடத்தைக் கட்டிக் கொடுத்து, தானும் அங்க போய் உக்காந்துக்கிட்டார். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த ஆல்பத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல.

நாஷ்வில்ல செட் அட்கின்ஸ் 1985ல ஸ்டே ட்யூன்ட்னு ஒன்னு பண்ணார். அவரு பல தலைமுறைக்கு செஷன் வாசிச்ச, ப்ரொட்யூஸ் பண்ண பெரியவர், அதுல மார்க் நாஃப்ளர், ஜார்ஜ் பென்சன், ஏர்ல் க்ளூ, ஸ்டீவ் லுகாதர், நம்ம லேரி கார்ல்டன் எல்லாம் தன்னைவிட வயசுல சின்னவங்களா கூப்பிட்டு உக்கார வச்சார். நாஃப்ளரோட சேர்ந்து வாசிச்ச ட்ராக்குக்கு கிராமி கிடைச்சது. கிட்டாருக்கு கிட்டாரே கெஸ்ட்டா வந்தா ஒருத்தர் சத்தம் எங்க முடியுது, இன்னொருத்தர் சத்தம் எங்க ஆரம்பிக்குதுன்னு அதுல கத்துக்கலாம். இன்னொரு செஷன் கிட்டாரிஸ்ட் லீ ரிட்னவர் 2010ல சிக்ஸ் ஸ்ட்ரிங் தியரின்னு பண்ணதுல இன்னும் பெரிய பட்டாளம், போட்டி வச்சு ஜெயிச்ச ஒரு இளம் கிளாசிக்கல் கிட்டாரிஸ்ட்டுக்கும் அதுல ஒரு இடம் கொடுத்தார், அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நம்ம ஊரு உதாரணமே இருக்கே. இளையராஜா சார் 1976ல இசையமைப்பாளர் ஆகுறதுக்கு முன்னாடி மத்தவங்களுக்கு கிட்டார் வாசிச்சவர்தான், இதே கோடம்பாக்கம்தான். 1986ல ஹவ் டு நேம் இட், வி.எஸ். நரசிம்மன் வயலின். 1988ல நத்திங் பட் விண்ட், புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. அந்த ரெண்டாவது ஆல்பத்தை கெஸ்ட் ஆல்பமா நினைச்சு ஒரு தடவை கேளுங்க, அவர் கிட்டாரை முன்னாடி வைக்கல, மொத்தக் கட்டடத்தையும் குழலுக்காக, அதுல போற மூச்சுக்காக எழுதியிருப்பார். கெஸ்ட்டுக்கு மரியாதைன்னா அதுதான்.

காலி இடம்

எனக்கு நடந்ததைச் சொல்றேன். முதல் ட்ராக்கோட ரஃப் மிக்ஸ் ரெடி பண்ணி நான் ரொம்ப மதிக்கிற ஒரு வயலின் அண்ணாவுக்கு அனுப்பினேன். ரிதம் கிட்டார் ரெண்டு, ஆர்பெஜியோ ஒன்னு, மேல லீடு, அதுக்கு ஹார்மனி, நடுவுல பேட் மாதிரி வால்யூம் ஸ்வெல்னு நாலு நிமிஷத்துக்கு மூச்சு விட இடமில்லாம அடைச்சு வச்சிருந்தேன். அவரு ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணி "தம்பி, நல்லா இருக்குப்பா, ஆனா நான் எங்க வாசிக்கிறது?"ன்னு கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அன்னிக்கு ராத்திரியே அந்த செஷனைத் திறந்து பாதி கிட்டார் ட்ராக்கை ம்யூட் பண்ணேன், மறுநாள் மிச்ச ஏழு ட்ராக்கையும் அதே மாதிரி பண்ணேன்.

அதனால கெஸ்ட்டைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி ட்யூன்ல அவருக்கு இடம் இருக்கான்னு பாருங்க. சோலோவுக்கு எட்டு பார் (நாலு நாலு அடியா எண்ணுற அளவு) காலியா விடுறதை மட்டும் நான் சொல்லல. ட்யூனோட ரெண்டாவது வரியை அவர்கிட்டயே கொடுத்துடுங்க, நீங்க கேள்வி கேட்டா அவர் பதில் சொல்ற மாதிரி. அவர் வாசிக்கிற இடத்துல நீங்க வெறும் ரெண்டு நோட்டு கம்பிங் (பின்னணியா கார்டு தொட்டு விடுறது), சில இடத்துல அதுவும் வேண்டாம். மியூட் பண்ணிட்டுக் கேக்குறப்ப "ஐயோ காலியா இருக்கே"ன்னு நெஞ்சு அடிச்சுக்கும், அந்த பயத்தோடயே அனுப்பிடுங்க, அந்தக் காலியிடத்தைப் பார்த்துதான் ஒரு பெரிய வித்வானுக்கு வாசிக்கணும்னு ஆசையே வரும்.

எந்த ட்ராக்குக்கு யாருன்னு முடிவு பண்றது ட்யூன் முடிஞ்ச அப்புறம்தான். பேரு போட்டா ஓடும்னு நினைச்சு ஆளை முதல்ல பிடிச்சுட்டு அப்புறம் ட்யூன் தேடினா அது அந்த ட்ராக்லயே தெரிஞ்சுடும். எட்டு ட்ராக்லயும் கெஸ்ட் வேண்டாம், குறைஞ்சது ரெண்டு மூணு ட்ராக்ல நீங்க தனியா நில்லுங்க, இல்லன்னா ஆல்பம் உங்களுது இல்ல.

கூப்பிடுறது எப்படி

செஷன் ஆளுக்கு இருக்கிற பெரிய சொத்து, நமக்கு எல்லாரையும் தெரியும். ஆனா ஸ்டுடியோ காரிடார்ல டீ குடிக்கிறப்ப "சார் ஒரு ஆல்பம் பண்றேன், வந்து வாசிங்க சார்"னு சொல்றது கூப்பிட்டதா ஆகாது, அவரும் "பண்ணலாம்பா"ன்னு சொல்லிட்டுப் போயிடுவார், நீங்க ஆறு மாசம் காத்திருப்பீங்க. முறையா ஒரு நாள் போன் பண்ணி நேரம் கேட்டு நேர்ல போங்க. ட்யூனோட ரஃப் மிக்ஸை ஹெட்போன்ல கேக்க வைங்க, அதுல அவர் வாசிக்க வேண்டிய இடத்துல நீங்களே கிட்டார்லயோ கீபோர்டுலயோ ஒரு மாதிரி வாசிச்சு வைக்காதீங்க, அவர் அதையே திருப்பி வாசிச்சுக் கொடுத்துட்டு போயிடுவார், நமக்கு வேண்டியது அவரோட மூளை.

ஏன் அவரேன்னு ஒரு வரி உண்மையா சொல்லுங்க. நான் ஒரு புல்லாங்குழல் வித்வான்கிட்ட "சார், நீங்க மேல் ஸ்தாயில போய் நிக்காம கீழ்லயே சுத்தி சுத்தி வருவீங்கல்ல, இந்த ட்யூன் அதுக்காகத்தான் சார்"னு சொன்னேன், அவர் உடனே குழலை எடுத்துட்டார்.

வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க, ரெண்டாவது தடவை கேக்காதீங்க. நாளைக்கு அவரோடயே செஷன்ல உக்காரணும்.

காசும் பேப்பரும்

பட்ஜெட்ல முதல்ல எடுத்து வைக்க வேண்டியது கெஸ்ட்டுக்கும் ரிதம் செக்‌ஷனுக்கும் கொடுக்க வேண்டிய காசு, மிக்ஸிங், மாஸ்டரிங், கவர் டிசைன், வீடியோ எல்லாம் அதுக்கு அப்புறம். "நம்ம தம்பிதானே, காசு வேண்டாம்"னு சொல்வாங்க. அவங்க சொன்னாலும் கவர்ல வச்சுக் கொடுங்க. கால்ஷீட்டுக்கு காசு வராம அலைஞ்ச வலி நமக்குத் தெரியும், நம்ம ஆல்பத்துல அது யாருக்கும் நடக்கக் கூடாது. பேஸ் வாசிச்ச பையனுக்கும் அன்னிக்கே கொடுத்துடுங்க.

அப்புறம் ஒரு பக்கம் எழுத்து. நட்புல எதுக்கு அக்ரிமென்ட்னு தோணும், நட்பு நட்பாவே இருக்கத்தான் இது. இந்திய காப்பிரைட் சட்டத்துல வாசிக்கிறவருக்கும் தன் வாசிப்பு மேல உரிமை இருக்கு, 2012 திருத்தத்துக்கு அப்புறம் அது இன்னும் பலமா இருக்கு. உரிமையை எழுதி வாங்குறப்ப எத்தனை வருஷத்துக்குன்னு குறிப்பிடலன்னா சட்டப்படி அஞ்சு வருஷம்னுதான் எடுத்துப்பாங்க, எந்த நாடுன்னு எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். உங்க ஆல்பம் நெட்ல உலகம் பூரா போகும், அதனால இந்த ரெண்டையும் கண்டிப்பா எழுதுங்க. கூடவே தொகை எவ்வளவு, அது ஒரே தடவையா இல்ல பின்னாடி வர்றதுல பங்கு உண்டா, வீடியோவுல முகம் வரலாமா, போஸ்டர்ல பேரு எந்த சைஸ்ல வரும், பேரோட ஸ்பெல்லிங் எப்படின்னு எழுதிடுங்க. அவர் ஏதாவது லேபிளோட கான்ட்ராக்ட்ல இருந்தா அந்த லேபிளோட அனுமதி லெட்டர் இல்லாம ரெக்கார்டிங்கே வைக்காதீங்க.

கெஸ்ட் மனசுல வந்ததை வாசிச்ச சோலோ சூப்பரா வந்துடும், அப்போ அவரும் கம்போசரான்னு ஒரு கேள்வி வரும். இதுக்கு நான் ஒரு வழி வச்சுக்கிட்டேன். ட்யூன் என்னுது, சோலோ மட்டும் அவருதுன்னா கம்போசர் நான்தான், அவருக்கு வாசிச்ச காசும் பங்கும். ஆனா அவர் போட்ட ஒரு வரியை நான் ட்யூனாவே எடுத்துத் திருப்பித் திருப்பி வாசிச்சேன்னா ரெண்டு பேரும் கம்போசர். ஒரு ட்ராக்ல அப்படித்தான் ஆச்சு, கம்போசர்களுக்கு ராயல்டி வசூலிச்சுக் கொடுக்கிற ஐபிஆர்எஸ் அமைப்புல பதிவு பண்றப்ப பாதிப் பாதி போட்டேன். இதை ரெக்கார்டிங்குக்கு முன்னாடியே வாய்விட்டுப் பேசிடுங்க.

சுருதியும் கணக்கும்

இங்கதான் கிட்டாரிஸ்ட்டுங்க நிறைய சறுக்குவோம், ஏன்னா நமக்குப் பிடிச்ச ஸ்கேல் இயும் ஏவும், ஓப்பன் ஸ்ட்ரிங் நல்லா அதிரும். சாக்ஸஃபோன் வாசிக்கிறவருக்கு இ மேஜர் ட்யூனைக் கொடுத்தீங்கன்னா டெனர் சாக்ஸ்ல அவர் ஆறு ஷார்ப் வச்ச ஸ்கேல்ல வாசிக்கணும், ஆல்ட்டோன்னா ஏழு. பெரிய ஆளுங்க வாசிச்சுடுவாங்க, ஆனா பறக்க மாட்டாங்க. எஃப், பி ஃப்ளாட், இ ஃப்ளாட் அவங்களுக்கு வீடு மாதிரி. நீங்க கேப்போ (கம்பிகளை மொத்தமா அழுத்தி சுருதியை ஏத்துற க்ளிப்) போடுங்க, இல்ல அரை ஸ்டெப் இறக்கி ட்யூன் பண்ணுங்க, கஷ்டத்தை நீங்க எடுத்துக்குங்க.

கர்நாடக சங்கீத வித்வான்னா ஸ்கேல்னு கேக்காதீங்க, எத்தனை கட்டைன்னு கேளுங்க. சி ஒரு கட்டை, டி ரெண்டு, இ மூணு, எஃப் நாலு, ஜி அஞ்சு, ஷார்ப் எல்லாம் நடுவுல அரைக் கட்டை. குழல்காரர் பையில அளவு அளவா குழல் இருக்கும், எது அவருக்கு நல்லா பேசும்னு கேட்டுட்டு ட்யூனை அங்க மாத்துங்க. வீணையோட சுருதியை ரொம்ப ஏத்த இறக்க முடியாது. மிருதங்கத்துக்கும் சுருதி உண்டு, அதை மறந்துட்டு ஏதோ ஒரு மிருதங்கம் போதும்னு வந்தா வலந்தலை (மிருதங்கத்தோட வலது பக்கம்) உங்க ட்யூனோட ஒட்டாம தனியா கத்திட்டு இருக்கும்.

கார்டு விஷயம் இன்னும் முக்கியம். உங்க ட்யூன் மோகனம்னு வைங்க, ஒரு கட்டைல. ச ரி க ப த, அதாவது சி டி இ ஜி ஏ. நம்ம கை பழக்கத்துல அஞ்சாவது கார்டுன்னு ஜி மேஜர் போடும், அதுல பி இருக்கு, அது நிஷாதம், மோகனத்துல கிடையாது. ஜி செவன் போட்டா கூட எஃப் வேற வந்துடும், அது மத்யமம். நீங்க பின்னாடி அதை அடிச்சுட்டே இருந்தா வயலின் வாசிக்கிறவர் அந்த ஸ்வரம் காதுல விழ விழ ராகத்தைக் காப்பாத்துறதுலயே பாதி கவனத்தை விட்டுடுவார். ஜி சஸ் டூ வைங்க, ஜி ஏ டி, மூணும் ராகத்துக்குள்ளயே இருக்கு. சி சிக்ஸ், ஏ மைனர் செவன் ரெண்டும் உள்ளதான். வேணும்னே வெளி நோட்டு போடுறீங்கன்னா போடுங்க, அழகா இருக்கும், ஆனா அது எந்த பார்ல வருதுன்னு அவர்கிட்ட சொல்லிட்டுப் போடுங்க. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைச்சு வாசிக்கிறது, வர்ற இடத்துல கார்டைப் பிடிச்சு நிறுத்தாம ஒரே ஒரு பேஸ் நோட்டு, இல்ல வெறும் சுருதி விட்டுப் பாருங்க, அந்த அசைவு தெளிவா கேக்கும்.

மிருதங்க வித்வான்கிட்ட "எட்டு பார் சோலோ சார்"னு சொல்லாதீங்க. "ஆதி தாளம் நாலு ஆவர்த்தனம், சமத்துல எடுப்பு"ன்னு சொல்லுங்க. அதாவது எட்டு அடித் தாளம் நாலு சுத்து, முதல் அடியிலயே ஆரம்பம். ரெண்டும் 32 அடிதான், ஆனா இப்படிச் சொன்னா அவர் மனசுக்குள்ள உடனே சோலோவை முடிக்கிற கணக்கா கோர்வை ஒன்னு உக்காந்துடும். க்ளிக் ட்ராக்கோட (ஹெட்போன்ல டெம்போ காட்டுற டிக் டிக் சத்தம்) வாசிக்கிறதுல விருப்பம் இல்லாதவரா இருந்தா க்ளிக்குக்கு பதிலா ஒரு ஷேக்கரோ கஞ்சிராவோ லூப் பண்ணி வைங்க, அதே டெம்போதான், ஆனா பக்கத்துல ஒரு மனுஷன் இருக்கிற மாதிரி இருக்கும்.

ஃபைல் அனுப்புறது

நேர்ல வாசிக்க முடியாத கெஸ்ட்டுக்கு ஃபைல் அனுப்பித்தான் ஆகணும், என் அஞ்சு பேர்ல ரெண்டு பேர் அப்படித்தான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைல்னு முடிவு பண்ணா ஆல்பம் பூரா அதேதான், எல்லார்கிட்டயும் எழுதியே அனுப்புங்க. எனக்கு ஒரு குழல் ட்ராக் 44.1ல வந்துச்சு, எங்கயோ தப்பா இம்போர்ட் ஆகி 48ன்னு ஓடினதுல கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் மேல ஏறி, வேகமும் கூடி, நான் "ஏன் சார் சுருதி மாத்தி வாசிச்சுட்டாரு"ன்னு ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். அவர் மேல தப்பே இல்ல.

அவருக்கு நீங்க அனுப்ப வேண்டியது மூணு மிக்ஸ். முழு மிக்ஸ் ஒன்னு, உங்க லீடு கிட்டார் இல்லாத மிக்ஸ் ஒன்னு, க்ளிக்கோட ஒன்னு. எல்லாமே ஒரே இடத்துல ஆரம்பிக்கணும், முன்னாடி ரெண்டு பார் கவுண்ட் இருக்கணும். அவர் ரெக்கார்ட் பண்ணி அனுப்புறதும் அதே முதல் நொடியில இருந்து தொடர்ச்சியா வரணும், வெட்டின துண்டா வேண்டாம். கூடவே ஒரு பக்கத்துக்கு சார்ட், அதுல பார் நம்பர், டெம்போ, சுருதி, அவர் எங்க வர்றார், எங்க நிறுத்துறார்னு. ரிவர்ப், டிலே எதுவும் போடாம வறட்டு சத்தமா அனுப்பச் சொல்லுங்க, பீக் (சத்தத்தோட உச்சம்) மைனஸ் 6 டெசிபலுக்கு மேல போகாம இருந்தா நல்லது. எத்தனை டேக் வேணும்னா அனுப்பலாம், ஆனா எது அவருக்குப் பிடிச்ச டேக்னு அவரையே சொல்லச் சொல்லுங்க, நமக்குப் பிடிச்சதுலயே அவர் பேர் போட்டு வெளியிடுறது முறை இல்ல.

உங்க கிட்டாரை டிஐ போட்டு, அதாவது ஆம்ப் இல்லாம நேரடியா, க்ளீனாவும் தனியா எடுத்து வச்சுக்குங்க. ஆம்ப் டோன் இன்னிக்கு நல்லா இருக்கும், கெஸ்ட்டோட ட்ராக் வந்து பக்கத்துல உக்காந்ததும் அதே டோன் முட்டும், அப்போ டிஐ இருந்தா ரீஆம்ப் பண்ணிக்கலாம், அதாவது அதையே வேற ஆம்ப் டோன்ல ஓட்டி எடுத்துக்கலாம், திரும்ப வாசிக்க வேண்டியதில்ல.

ரெக்கார்டிங் அன்னிக்கு

கெஸ்ட் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி எல்லாம் ரெடியா இருக்கணும், மைக், ஹெட்போன் மிக்ஸ், தண்ணி, சார்ட். ஹெட்போன்ல அவருக்கு என்ன வேணும்னு கேட்டு அதை மட்டும் கொடுங்க, சில பேருக்கு தம்புரா மட்டும் போதும். வீட்டுல ரெக்கார்ட் பண்றீங்கன்னா டேக் போறப்ப ஃபேனும் ஏசியும் ஆஃப் பண்ணணும், சென்னை மே மாசத்துல அது எவ்வளவு கொடுமைன்னு தெரியும்ல, அதனால காலைல ஏழு மணிக்கே வச்சுக்குங்க, பால்காரர் வண்டி, காக்கா சத்தம் ரெண்டையும் பொறுத்துக்கிட்டா போதும்.

அவர் வார்ம் அப் பண்றப்பவே ரெக்கார்ட் பட்டனை அழுத்திடுங்க, ஆனா அதை அவர்கிட்ட சொல்லிட்டு அழுத்துங்க. முதல் டேக் பெரும்பாலும் ட்யூனைப் புரிஞ்சுக்கிற டேக், ரெண்டாவது மூணாவதுல பூ மாதிரி விரியும், ஆறாவதுக்கு மேல போனா எல்லாருக்கும் கை மட்டும்தான் வாசிக்கும். நான் நாலோட நிறுத்திக்கிறேன். கண்ட்ரோல் ரூம்ல இருந்து அவர் ஹெட்போனுக்குப் பேசுற டாக்பேக்ல நிறைய பேசாதீங்க. "சார் அந்த ரெண்டாவது ஆவர்த்தனத்துல இன்னும் கொஞ்சம் நிதானமா"ன்னு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க, அடுத்த டேக் போங்க.

முடிஞ்சா நீங்களும் அவரும் ஒரே நேரத்துல வாசிங்க, ஒருத்தர் மைக்ல இன்னொருத்தர் சத்தம் கசிஞ்சு லீக்கேஜ் ஆனாலும் பரவால்ல. லீ ரிட்னவர் 1977ல ஜென்டில் தாட்ஸ்னு ஒன்னு டைரக்ட் டு டிஸ்க் முறையில பண்ணார், அதாவது டேப்பே கிடையாது, வாசிக்க வாசிக்க நேரா டிஸ்க்ல வெட்டுவாங்க, எல்.பி.யோட ஒரு பக்கம் முழுக்க நிறுத்தாம எல்லாரும் சேர்ந்து வாசிச்சே ஆகணும். அந்த ஆல்பத்துல ஒருத்தர் மூச்சு விடுற இடத்துல இன்னொருத்தர் நுழையறது அப்படியே கேக்கும். என் ஆல்பத்துலயும் நானும் வயலின் அண்ணாவும் எதிரெதிரா உக்காந்து எடுத்த ட்ராக்தான் இப்பவும் எனக்குப் பிடிச்சது, அவர் வில்லைத் தூக்குறதைப் பார்த்து நான் ஒரு கார்டை விட்டுட்டேன், அந்த விட்ட கார்டுதான் அதுல அழகு.

மிக்ஸ், மாஸ்டர்

நீங்களே மிக்ஸ் பண்ணாதீங்க. நம்ம காதுல நம்ம கிட்டார்தான் சின்னதா கேட்டுட்டே இருக்கும், ஏத்திட்டே இருப்போம். வெளி ஆள்கிட்ட கொடுத்துட்டு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க, கெஸ்ட் வாசிக்கிறப்ப அவர்தான் பாடகர். ஓவர்டிரைவ் கிட்டாரும் வயலினும் ஒரே இடத்துல முட்டிக்கும், அங்க கிட்டாரைக் குறைக்கச் சொல்லுங்க. மிருதங்கத்தோட தொப்பியும் (இடது பக்கம்) பேஸ் கிட்டாரும் கீழ முட்டும், ரெண்டுல எது எந்த பார்ல முன்னாடின்னு முடிவு பண்ணுங்க. மாஸ்டரிங்ல சத்தத்தை ஏத்தி நசுக்க வேண்டாம், ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்ஸ் எப்படியும் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தோட அளவு) பக்கம் கொண்டு வந்து வச்சுடும், நசுக்கினா மிருதங்கத்தோட அடியும் பிளெக்ட்ரம் சத்தமும்தான் செத்துப் போகும்.

வெளியிடுறப்ப பேரு

கடைசி வேலை, எனக்கு ரொம்ப மனசுக்கு நெருக்கமானது இதுதான். நம்ம ஊர்ல எத்தனையோ பாட்டுல உயிரையே கொடுத்து வாசிச்சவங்க பேரு கேசட் அட்டையில இருந்ததே இல்ல, பாடகர் பேரும் மியூசிக் டைரக்டர் பேரும்தான். ரகுமான் சார் ஆல்பம் அட்டையில வாசிச்சவங்க பேரைப் போட ஆரம்பிச்சப்ப நான் ஸ்கூல் பையன், யாரு பேஸ், யாரு குழல்னு அதை மனப்பாடம் பண்ணித்தான் நான் செஷன் உலகத்துக்கே வந்தேன். அதனால உங்க ஆல்பத்துல ஒருத்தர் பேரும் விட்டுப் போகக் கூடாது, ஷேக்கர் ஆட்டினவர் வரைக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டர் சைட்ல அப்லோட் பண்றப்ப கெஸ்ட்டை ஃபீச்சர்ட் ஆர்ட்டிஸ்ட்டா போடணும், வெறும் பேரை டைப் பண்ணா அதே பேர்ல இருக்கிற வேற யாரோ ஒருத்தர் பக்கத்துல போய் உக்காந்துடும், அவரோட ப்ரொஃபைல் லிங்க்கை வாங்கி அதையே போடுங்க. மிச்ச எல்லாரையும் வாத்தியத்தோட சேர்த்து கிரெடிட்ஸ்ல போட இடம் இருக்கு, பொறுமையா ஒவ்வொன்னா போடுங்க. ஒவ்வொரு ட்ராக்குக்கும் ஐஎஸ்ஆர்சி நம்பர் (அந்த ரெக்கார்டிங்கோட அடையாள எண்) வரும், அதை ஒரு ஷீட்ல எழுதி வச்சுக்கிட்டு கெஸ்ட்டுக்கும் அனுப்புங்க, நாளைக்கு அவரோட ராயல்டி கணக்குக்கு அது வேணும். ரிலீஸ் தேதியை அப்லோட் பண்ண நாள்ல இருந்து நாலு வாரம் தள்ளி வைங்க. ஸ்பாட்டிஃபைல ப்ளேலிஸ்ட்டுக்காக பிட்ச் பண்றதை ரிலீஸுக்கு குறைஞ்சது ஏழு நாளாவது முன்னாடி கொடுத்தாதான் உங்களை ஃபாலோ பண்றவங்களோட ரிலீஸ் ரேடார்ங்கற புதுப் பாட்டு ப்ளேலிஸ்ட்ல கண்டிப்பா வரும், அதை விட்டுடாதீங்க.

சப்மிட் பட்டனை அழுத்துறதுக்கு முந்தின நாள் ராத்திரி கிரெடிட்ஸ் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாசிச்ச எல்லாருக்கும் அனுப்பினேன். மிருதங்க சார் மட்டும் பதில் போடல, காலைல போன் பண்ணார், அவர் இனிஷியல்ல ஒரு எழுத்து விட்டுப் போயிருந்துச்சு, அது அவங்க ஊர் பேரோட முதல் எழுத்து. திருத்திட்டு, அவர் லைன்ல இருக்கிறப்பவே ஒரு தடவை படிச்சுக் காட்டிட்டு, அப்புறம்தான் அழுத்தினேன்.